நாற்பத்து மூன்றாம் பக்கம்

எங்கள் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘முழுப்பக்கம்’. இருபத்திரண்டு வருடத்தில் எந்த வழக்குக் கட்டிலும் அவர் ஒரு தாளை விட்டதில்லை. வெற்றுத்தாளுக்கும் எண் போட்டு, நூல் கோத்துத்தான் அனுப்புவார். நகல் எடுக்கும் எனக்குக் கை ஒடிந்துவிடும்.

அவருடைய தம்பி குடித்துவிட்டுக் காரை ஓட்டி, சாலையைக் கடந்த ஒரு வாத்தியார்மேல் ஏற்றிக் கொன்றுவிட்டான். நாலு வருடம் சிறை. மேல்முறையீடு போட்டே தீர வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்றார்.

“ரெண்டு வருஷமா கொறைச்சா போதும் சார். அம்மா கண்ண மூடுறதுக்குள்ள வந்துடுவான்.”

“கூட்டவும் செய்வாங்கம்மா. சும்மா இருக்கறதே நல்லது” என்றார் வக்கீல். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தம்பி குடியை விட முயன்றதைக் காட்ட, சிகிச்சை மையத்தின் சான்றிதழ் ஒன்று போதும் என்றார் வக்கீல். அக்கா மையத்தின் கோப்பு முழுவதையும் சேர்த்தார்.

“இவ்வளவு எதுக்குக்கா?” என்றேன்.

“விட்டா, ஏன் மறைச்சேன்னு கேப்பாங்க.”

வக்கீல் புரட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அக்கா கட்டினால் யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை, அந்தக் குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

விசாரணையில் நீதிபதி ஒரு தாளில் நின்றார். மறுபடி படித்தார். பக்கத்து நீதிபதியிடம் நகர்த்தினார்.

“நாப்பத்து மூணாம் பக்கம் பாருங்க” என்றார் வக்கீலிடம்.

விபத்துக்கு ஏழு மாதம் முன்பு மருத்துவர் எழுதியதை வக்கீல் உரக்கப் படித்தார்: ‘இவர் வண்டி ஓட்டக் கூடாது. சாவி குடும்பத்தாரிடம் இருக்க வேண்டும்.’ கீழே இரண்டு கையெழுத்துகள்.

“தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கார். தண்டனையை ஏன் அதிகமாக்கக் கூடாதுன்னு நோட்டீஸ் குடுங்க” என்றார் நீதிபதி, நீதிமன்ற எழுத்தரிடம்.

உள்ளே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் மனைவி வெளியே வராந்தாவில் அக்காவிடம் வந்தார். அதுவரை அவர்கள் பேசியதே இல்லை.

“ஒரு கையெழுத்து உங்க தம்பியோடது. இன்னொன்னு?”

“என்னோடது.”

“அப்போ சாவி?”

பொய் சொல்லியிருக்கலாம். அக்கா எதையும் விடாதவர்.

“எங்கிட்டதான் இருந்துச்சு. அன்னிக்குக் கேட்டான். குடுத்துட்டேன்.”