நீல டின்னுக்குள் ஃபிஷ் ஸ்ட்ரீட்

அமெரிக்காவில், நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் பதினான்கு வருஷமாகக் குடியிருந்தும் இந்தியன் ஸ்டோருக்குப் போகக் குத்புதீனுக்கு ஜிபிஎஸ் வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் அவரைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வழி சொல்வார். வைல் காப் மேட்டில் கறுப்பு மரச்சட்டம் போட்ட வீடுகள் எங்கே, செவர்ன் ஆறு ஊரை எப்படி வளைத்து ஓடுகிறது, எல்லாம் அத்துப்படி. இத்தனைக்கும் அந்த ஊர் மண்ணை அவர் மிதித்ததே இல்லை. எல்லாம் பழைய போஸ்ட்கார்டுகளின் உபயம்.

அவருக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா, தேதி மாறியிருக்கிறதா என்று நாளெல்லாம் காகிதத்தை உற்றுப் பார்க்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருந்த காலத்தில் நாட்டை விட்டு வெளியே போகவே பயம்; திரும்பி வர விசா முத்திரை கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஷ்ரூஸ்பரி அட்டை ஒன்று கையில் சிக்கியது. அந்தத் தெருவுக்குள் போக யாரும் விசா கேட்கவில்லை. பிறகென்ன, ஒன்று பத்தானது, பத்து முந்நூறானது.

"அங்க என்ன மாமியார் வீடா இருக்கு, இப்படி உத்து உத்துப் பாக்குறீங்க?" என்பாள் மனைவி லத்தீஃபா.

முந்நூறு அட்டைகளும் ஒரு நீல நிற பட்டர் குக்கீஸ் டின்னில் இருந்தன. ஈரம் ஏறாமலிருக்க மூடியைச் சுற்றி டேப் வேறு ஒட்டியிருப்பார். நம்மவர் வீட்டு நீல டின்னைத் திறந்து குக்கீஸ் சாப்பிட்டவர் உண்டா? ஊசி இருக்கும், நூல் இருக்கும், பொத்தான் இருக்கும். இந்த வீட்டில் ஷ்ரூஸ்பரி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் அந்த டின்னுக்குள் ஓர் அமானிதமும் சேர்ந்தது, அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள். மாடி வீட்டு மிஸஸ் வின்ஃபீல்டுக்கு எண்பத்துநாலு வயது. பிறந்தது அதே ஷ்ரூஸ்பரி. தம் ஊர்ப் பைத்தியம் ஒருவர் கீழ்வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஈரமான ஒரு தெரு. கடை வாசலில் ஒரு பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய கோட்டுக்குள் முங்கிப்போன ஒரு சின்னப் பெண். "இது நான், இது என் அம்மா. இது எந்தத் தெரு என்று மட்டும் எனக்கு மறந்துவிட்டது. கண்டுபிடித்துச் சொல்வாயா?" என்று கேட்டார். அம்மாவின் படமென்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். இந்தச் சனிக்கிழமை காலை அரிசோனாவில் இருக்கும் மகனோடு குடியேறுகிறார்; அதற்குள் அட்டை திரும்ப வேண்டும்.

குத்புதீன் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல செய்தி சொல்லப் போகிற குஷியில் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். டின் இல்லை.

"லத்தீஃபா, இங்க இருந்த நீல டின் எங்க?"

"அது ஃபிரிட்ஜ் மேலதானே இருக்கு? காஸ்ட்கோல வாங்குனது."

"அது புது டின். என்னோடது எங்க?"

லத்தீஃபா ஃபிரிட்ஜ் மேலே பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "சேனாபதி அண்ணன் இன்னைக்கு மெட்ராஸ் போறாங்கல்ல. தங்கச்சிக்கு விட்டமின், சாக்லேட்டோட ஒரு டின்னும் குடுத்து விட்டேன். டேப் போட்டிருந்துச்சு, புதுசுன்னு நெனச்சுட்டேங்க."

ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கால் கிலோ இடமிருந்தாலும் நம்மவர் விடமாட்டோமே. அந்தப் புண்ணியம் இப்போது குத்புதீன் தலையில் விடிந்தது. சேனாபதிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. கணவரைக் கொண்டுவிட நெவார்க் விமான நிலையத்துக்குப் போன அவர் மனைவி சாரதாவுக்குப் போட்டார். அவரும் எடுக்கவில்லை. மழையில் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறவர் போனையா பார்ப்பார்?

சொந்த அட்டைகள் போனால் போகட்டும், அது கைக்காசு. அந்த ஒன்று அடுத்தவர் பொருள்.

"போன்ல அந்தம்மா அட்டையை போட்டோ எடுத்து வச்சிருக்கீங்கல்ல?" லத்தீஃபா மெல்லக் கேட்டாள். "கெட்டி அட்டைல பிரிண்ட் பண்ணிக் குடுத்துடலாங்க. அவங்களுக்குக் கண்ணும் சரியாத் தெரியாது."

குத்புதீன் ஒரு நிமிஷம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். படம் தெளிவாகத்தான் இருந்தது. நல்ல கடையில் கொடுத்தால் தனக்கே வித்தியாசம் தெரியாது. ஆசை வந்தது, பொய் சொல்வானேன்.

"வேணாம் லத்தீஃபா. அமானிதம். தொலைச்சவன் தொலைச்சேன்னு சொல்லணும்."

மாடிப்படி பதினான்கும் அன்றைக்கு வைல் காப் மேட்டைவிடச் செங்குத்தாக இருந்தன. மிஸஸ் வின்ஃபீல்டின் வீட்டில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். டின், சூட்கேஸ், விமானம், மெட்ராஸ். மைத்துனியிடமிருந்து வாங்கித் தபாலில் அனுப்புகிறேன், ஆனால் வந்து சேரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்.

கிழவி மடியிலிருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"தெருவையாவது கண்டுபிடித்தாயா?"

"ஃபிஷ் ஸ்ட்ரீட். தெருக்கோடியில் செயின்ட் ஜூலியன் சர்ச் கோபுரத்தின் ஒரு மூலை தெரிகிறது. வேறு நாலு அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்."

"ஃபிஷ் ஸ்ட்ரீட்," என்று சொல்லிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். குத்புதீனுக்குத் தலை நிமிரவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது. மூச்சிரைக்க லத்தீஃபா, அவளுக்குப் பின்னால் நனைந்த தலையோடு சாரதா. லத்தீஃபாவின் நெஞ்சோடு நீல டின்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்று சாரதா கெஞ்சுகிற குரலில் ஆரம்பித்தார். "கவுன்ட்டர்ல எடை மூணு பவுண்டு ஜாஸ்தின்னுட்டாங்க. இவர் அங்கேயே தரையில பெட்டியைத் திறந்து, குக்கீஸ் மெட்ராஸ்லயே கிடைக்கும்னு உங்க டின்னை எடுத்து என் கைல குடுத்துட்டார். எங்க ஊறுகாய் பாட்டில எடுத்திருக்கலாம். எனக்கே ஒரு மாதிரியாயிடுச்சு."

வேறு நாளாயிருந்தால் லத்தீஃபா இதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டியிருப்பாள். இன்றைக்குக் கீழே வாசலிலேயே சாரதாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

குத்புதீன் டேப்பைக் கிழித்தார். மேலேயே, தனி உறையில், அந்த அட்டை இருந்தது. இரண்டு கையாலும் மிஸஸ் வின்ஃபீல்டிடம் நீட்டினார்.

கிழவி படத்தைப் பார்க்கவில்லை. வாங்கியதும் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தின் மூலையில் விரலை வைத்துத் தடவினார். அங்கே பென்சிலில் பாதி அழிந்த ஒரு கிறுக்கல். குத்புதீன் அதைப் பார்த்திருந்தார். அட்டை விற்கிற வியாபாரிகள் இப்படித்தான் எதையாவது குறித்து வைப்பார்கள் என்று பொருட்படுத்தாமல் விட்டிருந்தார், போட்டோவும் எடுக்கவில்லை.

"என் அம்மா எழுதியது," என்றார் மிஸஸ் வின்ஃபீல்ட். கண்ணாடி மடியில் கிடக்க, மனப்பாடமாகப் படித்தார். "கோட் அடுத்த வருஷம் இவளுக்குச் சரியாகிவிடும்."

லத்தீஃபா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நல்லவேளை, நான் சொன்னதை நீங்க கேக்கல."