ஓராண்டாகக் கலையாத அணிவகுப்பு

மேடையில் ஒலிபெருக்கி பழுதானால் பேச்சாளர்கள் பலர் தவித்துப் போவார்கள். நான் தவித்ததில்லை. பல்கலைக்கழகச் சொற்போர் மேடைகளில் மூன்று முறை அது ஓய்ந்திருக்கிறது; மூன்று முறையும் கடைசி வரிசை வரை என் குரல் தானாகவே சென்று சேர்ந்தது. அந்தக் குரலை நானே பயின்று ஈட்டியதாக நெடுநாள் எண்ணியிருந்தேன். அதில் பாதி அப்பாவினுடையது.

அப்பா தரைப்படையில் இருபத்தொரு ஆண்டுகள் பணியாற்றிச் சார்ஜனாக ஓய்வு பெற்றவர். புதிதாகச் சேர்பவர்களை வெயிலில் நிறுத்தி அணிநடை பழக்குவது அவர் வேலை. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில் நின்று அவர் என்னைச் சாப்பிட அழைத்தால், கீழே பேருந்து நிறுத்தத்தில் எனக்குக் கேட்கும். பக்கத்தில் நிற்பவர்களும் தம்மையறியாமல் முதுகை நிமிர்த்துவார்கள்.

ஈராண்டுகளுக்கு முன் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மருத்துவர்கள் அவர் உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், குரல்வளையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பரிமாற்றத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த மருத்துவர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அப்பாவுக்குத்தான் குறை இருந்தது. கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கோடு போட்ட பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக் காட்டிப் பேசப் பழகினார். ஆனால் பழைய நண்பர்களின் அழைப்பு வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அந்த நண்பர்கள் ஆண்டுக்கொருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜார்ஜ் டவுனில் ஓர் உணவகத்தின் மாடியில் கூடுவார்கள். ஒரே படைப்பிரிவில் இருந்த தமிழர்கள், அப்பாவையும் சேர்த்துப் பதினான்கு பேர். உணவகத்தின் உரிமையாளர் அப்பிரிவின் சமையல்காரராக இருந்த தமிழ் முஸ்லிம் அன்பர். எனக்குக் கடைக்கார மாமா. மனைவி மக்களுக்கு அக்கூட்டத்தில் இடமில்லை. உண்டு, பேசி, சிரித்து முடிந்ததும் அப்பா எழுந்து "பெர்சுராய்" என்பார். அணி கலையலாம் என்பதற்குப் படையில் வழங்கும் மலாய் ஆணை அது. அதன் பிறகே எல்லாரும் படியிறங்குவார்கள். சென்ற ஆண்டு அப்பா போகவில்லை.

இவ்வாண்டு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு கடைக்கார மாமா ஒன்பது மாடி ஏறி வந்தார். மின்தூக்கி அன்றும் பழுது. மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தவர், நலம் விசாரிக்கவில்லை.

"சார்ஜன், நான் புகார் கொடுக்க வந்திருக்கேன்."

அப்பா புருவத்தை உயர்த்தினார்.

"போன வருஷம் யாரும் முறையா பெர்சுராய் சொல்லல. சட்டப்படி பார்த்தா நாங்க இன்னும் கலையவே இல்ல. ஒரு வருஷமா அணியில நிக்கிறோம். எனக்கு முட்டி வலி லா."

அப்பா எழுதினார்: 'வேற ஆள் சொல்லட்டும்.'

"சொன்னானே, நம்ம டிரைவர். எவன் கேட்டான்? லாரி ஓட்டுனவன் சொல்லி நான் இறங்கணுமான்னு ஆளாளுக்கு உட்கார்ந்துட்டானுங்க. கடைசியில கடையைச் சாத்தணும்னு நான் கெஞ்சி அனுப்பினேன். அது கலைஞ்ச கணக்கு இல்ல."

அப்பா பேனாவை மூடிவிட்டார். மாமா என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீயும் வா. தலைமைத்துவம் பத்தி நாலு வார்த்தை பேசு" என்றார். எனக்காக விதி தளர்ந்தது. அப்பாவை வரவழைக்கும் தூண்டில் நான்தான் என்பது புரிந்தும், அழைப்பு எனக்கு இனித்தது.

மூன்று நாள் கழித்து அப்பா என் முன்னால் புத்தகத்தை வைத்தார். 'நான் எழுதுவேன். நீ வாசி. பெர்சுராயும் நீ சொல்லு. மைக் நீ. பேச்சாளர் நான்.'

பரிசுக் கேடயங்கள் நிறைந்த ஓர் அலமாரிக்கு உரியவளிடம் இப்படியா எழுதுவது என்று எனக்குச் சற்று உறுத்தியது. ஆயினும் ஒப்புக்கொண்டேன். அங்கே யாரேனும் ஒருவர் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டால், அந்தப் படிகளில் அவர் மறுபடி ஏறமாட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடங்கள் நான் அஞ்சியபடியே கழிந்தன. எல்லாரும் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, உரத்துப் பேசினார்கள். "சார்ஜன். நல்லா. இருக்கீங்களா." அப்பா எழுதியதை நான் வாசித்தேன்: "போனது குரல்தான். காது இருக்கிறது." சிலர் சிரித்தார்கள். அப்பாவின் தாடை இறுகியிருந்தது.

நான் பன்னிரண்டு நிமிட உரை ஒன்றைத் தீட்டி வைத்திருந்தேன். 'படையினர் அனைவரும் உண்டபின் இறுதியில் உண்பவனே தலைவன்' என்பது அதன் உச்சம். அந்த வாக்கியத்துக்கு முன் எத்தனை நொடி நிறுத்துவது என்பதுகூட முடிவாகியிருந்தது. ஆனால் காயா எனும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் தேநீரும் மேசைக்கு வந்ததும் கடைக்கார மாமா முந்திக்கொண்டார்.

"நம்ம லெப்டினன் ஒருத்தர் இருந்தாரே, புதுசா வந்தவரு. தலைவன் கடைசியாத்தான் சாப்பிடணும்னு எங்கேயோ படிச்சிட்டு வந்துட்டாரு. நல்ல மனுசன். பாவம், கடைசியில வெறும் சாறுதான் கிடைக்கும். எனக்கு மனசு கேட்கல. நல்ல கறித்துண்டா நாலு எடுத்து அண்டாவுக்குள்ள அடியில அவருக்காக ஒளிச்சு வைப்பேன்."

"அதை நான் கண்டுபிடிச்சேன்" என்றார் எதிரில் இருந்த ஒல்லியானவர். படையில் வானொலிக் கருவி இயக்கியவர் அவர். இப்போது பத்து காவான் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையில் காவல் மேற்பார்வையாளர்.

"இவன்தான் லா" என்று மாமா அவரைக் காட்டினார். "கடைசிக்கு முந்தின ஆளா நின்னா கறி கிடைக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டான். மறுநாள் சாப்பிட மக்கான் மணி அடிக்குது, ஒரு பய வரிசைக்கு வரல. அறுபது பேரும் மரத்தடியில பூட்ஸ் கயிறு கட்டுறானுங்க. லெப்டினன் கண்ணுல தண்ணி. 'பார்த்தீங்களா சார்ஜன், என்னைப் பார்த்து எல்லாரும் விட்டுக்கொடுக்கக் கத்துக்கிட்டாங்க'ங்கிறாரு. சார்ஜன் வந்து ஒரே சத்தம். முதல்ல சாப்பிடணும்னு ஆர்டர் போட்டுச் சாப்பிட வச்ச ஒரே படை உலகத்திலேயே நம்மளதுதான்."

மேசை குலுங்கியது. என் உரை கைப்பைக்குள்ளேயே உயிரை விட்டது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை, கதை அத்தனை நன்றாக இருந்தது.

சிரிப்பின் வேகத்தில் ஒல்லியானவர் தொடர்ந்தார். "அந்தச் சத்தம் இருக்கே. பயிற்சிப் போர்ல ஒருநாள் என் செட்டுல பேட்டரி போச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம ஆளுங்க. சார்ஜன் இங்கேருந்தே 'பெரெந்தி'ன்னு கத்துனாரு, நில்லுன்னு. நம்ம ஆளும் நின்னான். எதிரியா நடிச்ச ஆளும் நின்னுட்டான். போரே நின்னு போச்சு. அந்தக் குரல் மட்டும் இப்ப..."

அவர் நிறுத்திக்கொண்டார். பதின்மூன்று பேரும் தத்தம் கோப்பையைப் பார்த்தார்கள். நான் எதற்கு அஞ்சினேனோ அது மேசையின் நடுவே வந்து அமர்ந்துவிட்டது. அப்பா புத்தகத்தை மூடி, எழுவதற்காக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

டிரைவர் மாமாதான் காப்பாற்றினார். தாசேக் கெலுகோரிலிருந்து வரும் பருத்த மனிதர். படையில் லாரி ஓட்டியவர். சென்ற ஆண்டு யாரையும் கலைக்க முடியாமல் தோற்றவர். "அட, தேயிலை மலைக்காரன் கதையை இந்த வருஷம் யாருமே சொல்லலியே" என்று அவசரமாகத் தொடங்கினார். ஆண்டுதோறும் சொல்லப்படும் கதையாம் அது. அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"பாப்பாவுக்குச் சொல்றேன். எங்களுக்கு மூத்த பேட்ச்ல ஒருத்தன், தேயிலைத் தோட்டத்திலேருந்து நேரா முகாமுக்கு வந்தவன். மலாய் அவ்வளவா தெரியாது. முதல் நாள் ராத்திரி, காலையில ஆறு மணிக்குக் கவாட்னு அறிவிப்பு. கவாட்னா அணிநடை. இவனுக்கு என்ன கேட்டிருக்கு? கவாத்து. தேயிலைச் செடியை வெட்டிவிடுறது இருக்கே, அது. படையிலயும் இதே வேலைதானான்னு நினைச்சவன், தோட்டக்கார அறையில ஒரு பாராங் கத்தியை எடுத்துத் தோள்ல சாத்திக்கிட்டு வரிசையில நிக்கிறான். துவான்னு கூப்பிடுற பயிற்சியாளர் ஐயா வந்து 'செடியா'ன்னு கத்துறாரு. நிமிர்ந்து நில்லுன்னு அர்த்தம். இவன் சுத்திமுத்திப் பார்த்துட்டு, 'செடியா? எங்கே துவான்?'னானாம்."

எல்லாரும் அறிந்த கதைக்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் மேசை இருமுறை தட்டப்பட்டது. அப்பா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கமும் திரும்பியது. பிறகு புத்தகம் என்னிடம் வந்தது.

நான் எழுந்தேன். பழக்கம் என்னை இழுத்தது. "அன்பு நிறைந்த அவையோரே" என்று தொடங்கினேன். மேசை தட்டப்பட்டது. அப்பாவின் விரல் முதல் வரியைக் காட்டியது. எழுதியிருந்ததை மட்டும் வாசித்தேன்.

"கதை தப்பு. பாராங் ஒன்று இல்லை. இரண்டு."

அப்பாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"ஒன்று எனக்கு. ஒன்று பயிற்சியாளருக்கு. எங்கள் மலையில் கங்காணி கையிலும் ஒரு கத்தி இருக்கும். துவான் வெறுங்கையோடு நின்றால் மரியாதை இல்லை என்று நினைத்தேன்."

அந்தச் சிரிப்பை என்னால் விவரிக்க இயலாது. கடைக்கார மாமா முட்டி வலியை மறந்து எழுந்து நின்றார். டிரைவர் மாமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "இருபது வருஷமா இவர் முன்னாடியே சொல்லியிருக்கேன். ஒரு தடவையாவது முகத்துல காட்டியிருக்கலாமே, சார்ஜன்" என்று புலம்பினார். அப்பா மறுபக்கத்தைத் திருப்பச் சொன்னார்.

"பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இரண்டு கத்தியையும் வாங்கிக் கூர் பார்த்தார். நல்ல கூர் என்றார். முதலில் இந்தக் கவாட், பிறகு அந்தக் கவாத்து என்று சொல்லி என்னை நிற்க வைத்தார். வரிசையில் சிரித்த ஆறு பேரைச் சாயங்காலம் வேலிச் செடி வெட்ட அனுப்பினார். எப்படி வெட்டுவது என்று காட்ட என்னை அனுப்பினார். அதற்குப் பிறகு நான் எல்லாரையும் பார்த்துச் சத்தம் போட்டேன். யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை."

முன்பு கோப்பையைப் பார்த்தவர்கள் இப்போது அவரைப் பார்த்தார்கள்.

"உண்மைதான்" என்றார் கடைக்கார மாமா. "முதல் நாள் நான் பூட்ஸை இடம் வலம் மாத்திப் போட்டு நின்னேன். சார்ஜன் கிட்ட வந்து காதுக்குள்ள சொன்னாரு. பக்கத்துல நின்னவனுக்குக்கூடக் கேட்கல."

"எனக்கும் காதுக்குள்ளதான்" என்றார் டிரைவர் மாமா. என்ன விஷயம் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர் சொல்ல மறுத்தார். அதன் பிறகு அரைமணி நேரம் அவரை எல்லாரும் படுத்திய பாட்டில், அப்பாவிடம் இழுத்து இழுத்துப் பேச ஒருவருக்கும் நினைவில்லை. அப்பா எழுதினார், நான் வாசித்தேன், அவர்கள் பதிலுக்குக் கேலி செய்தார்கள். தலைமைத்துவம் பற்றிய என் உரையை யாரும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அப்பா எனக்குத் தலையசைத்தார். என் முறை. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, கடைசிச் சுவர் வரை எட்டும்படி, "பெர்சுராய்" என்றேன். கீழே கல்லாவில் இருந்தவர் படியில் எட்டிப் பார்த்தார். மாடியில் ஒருவர்கூட அசையவில்லை.

"குரல் அப்படியே சார்ஜன்தான், பாப்பா" என்றார் ஒல்லியானவர் கனிவாக. "ஆனா நாங்க சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கோமே. செடியா சொல்லாம எப்படிக் கலையறது?"

எனக்கு முகம் சுட்டது. கலைப்பதற்கு முன் நிமிர்ந்து நிற்கச் சொல்ல வேண்டும் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். காயா தடவும் சிறு கத்தியை மேசையிலிருந்து எடுத்து, பாராங்கைச் சாத்துவதுபோல் தோளில் சாத்தினார். உடனே இன்னொரு கத்தியை எடுத்து, கைப்பிடியை முன்னே நீட்டி, கடைக்கார மாமாவிடம் மரியாதையோடு கொடுத்தார்.

பதின்மூன்று நாற்காலிகள் ஒரே சமயத்தில் பின்னால் போயின. சிரித்துக்கொண்டே எழுந்தவர்கள், எழுந்து முடித்தபோது சிரிக்கவில்லை. குதிகால்கள் சேர்ந்தன. அப்பா ஒருவர் முகத்தையும் விடாமல் வரிசையாகப் பார்த்தார். அவருடைய உதடுகள் ஒரு சொல்லை உருவாக்கின; ஓசை இல்லை. கத்தி கீழே இறங்கியது. பதின்மூன்று பேரும் வலப்பக்கம் திரும்பி, ஓர் அடி வைத்து, ஈராண்டுக் கூட்டத்தையும் சேர்த்துக் கலைந்தார்கள்.

கலைந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து இன்னொரு தேநீர் கேட்டது வேறு செய்தி. "சார்ஜன், கத்தி கடைச் சாமான்" என்று மாமா கையை நீட்டினார்.

திரும்பும் பேருந்தில், இத்தனை ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்பா புத்தகத்தை மடியில் வைத்து எழுதினார். 'சத்தம் இருந்தவரை அதை வச்சு மறைச்சிட்டேன்.' நான் படித்து முடிக்கக் காத்திருந்து, அதன் கீழே இன்னொரு வரி எழுதினார். 'அடுத்த வருஷம் செடியாவும் நீயே சொல்லு. அவ்வளவு சத்தம் வேண்டாம்.'

அடுத்த வருஷம் என்று அவர் எழுதியிருந்த இடத்தை, ஆயர் ஈத்தாம் வந்து சேரும் வரை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.