என் பெயரில் வாங்கிய மாத்திரை

எங்கள் தொழிற்சாலையில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் எங்களுக்குக் கம்பெனி கிளினிக்கில் மருந்து இலவசம். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், அந்த நோவு நமக்கு என்று சொல்லி மருந்து வாங்கி வந்துவிடுவோம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. முப்பது வருஷம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். "எனக்கு முட்டி வலி டாக்டர்" என்று கிளினிக்கில் சொல்லி வலி மாத்திரை கேட்டேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று டாக்டர் ஒழுங்காகத்தான் கேட்டார். இல்லை என்றேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

அப்பாவோ, இதயத் துடிப்பு சீராக இல்லாததால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறவர். அதன் பெயர், அளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் குடும்பத்தில் பள்ளி முடித்து டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். பாடாங் செராயில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் படிப்பேன். அதனால் நான் கொடுத்ததை அவர் கேள்வி கேட்கவில்லை. "என் மக கொடுத்த மாத்திரை லா, ஒன் தைலம் மாதிரியா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சீண்டிக்கூட இருக்கிறார்.

நான்காம் நாள் அவர் முன்கையில் கன்றிப்போன பெரிய நீலத் திட்டு. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றார். வேலை முடிந்து வரும் வழியில், லூனாஸில் ஒரு மருந்துக் கடையில் களிம்பு கேட்டேன். அங்கிருந்த மருந்தாளர் தமிழ் முஸ்லிம் பெண்; என் வயதுதான் இருக்கும்.

"யாருக்கு அக்கா?"

"அப்பாவுக்கு."

"வேற என்ன மருந்து சாப்பிடுறாரு?"

மூச்சு விடாமல் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. கம்பெனி கிளினிக் மாத்திரையின் பெயரைச் சொன்னதும் அவர் களிம்பைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்.

"ரெண்டையுமா சாப்பிடுறாரு? சேந்தா வயித்துல ரத்தம் கசியும். மலம் கறுப்பா போகுதா? போன் போட்டு கேளுங்க லா, இப்பவே."

"ரெண்டு நாளா அப்பிடித்தான் போவுது. இதெல்லாம் பொம்பளப் புள்ளகிட்ட சொல்ற விஷயமா?" என்றார் அப்பா போனில்.

"எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்கக்கா. அந்த மாத்திரையையும் கையோட கொண்டுபோய் காட்டுங்க" என்றார் மருந்தாளர்.

மருத்துவமனையில் பார்த்தபோது வயிற்றில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா ஐந்து நாள் வார்டில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் எழுதிக் கொடுத்த அளவுக்குள்தான் என்றார்கள். சளிக்காய்ச்சல் மருந்திலும் அது கலந்திருக்கலாம், பார்த்துக் கொடு என்றார்கள். அடிக்கடி தேவைப்பட்டால் சொல், வேறு எதைக் கொடுப்பதானாலும் முதலில் கேள் என்றார்கள். என் படிப்பில் எனக்கு இன்னும் பெருமை உண்டு. ஆனால் கேட்கக் கற்றுக்கொண்டது அந்த வார்டில்தான்.

அடுத்த வாரம் அப்பாவை அந்தக் கடைக்கு அழைத்துப்போனேன். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கைகூப்பினார். "ஐயோ அங்கிள், நான் கேள்விதானே கேட்டேன்" என்று அவர் கூச்சப்பட்டார்.

"படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரும் சேந்துதான்மா என்ன காப்பாத்துனீங்க."

அதில் எனக்குப் பங்கில்லை என்று மூவருக்குமே தெரியும். ஆனாலும் அப்பா அந்தப் பங்கைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.