குறையே இல்லாத மாவீரர்கள்

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வளர்ந்த மனுசங்களை ஒரு மேசையைச் சுத்தி உக்கார வச்சு, "முன்னாடி ஒரு பூதம் நிக்குது, என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேக்குறதுதான் என் தொழில். சம்பளம் கிடையாது. சோத்துக்கு வாரம் முழுக்க வீட்டுலேர்ந்தே கம்ப்யூட்டர் வேலை.

ஆட்டம் சுலபம்தான். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கணும். நான் கதை சொல்வேன், அவங்க என்ன செய்றாங்கன்னு சொல்லணும், அது பலிக்குமான்னு பகடை சொல்லும். பூதத்தைக்கூட சமாளிச்சுடலாம், புதுசா வர்றவங்க உருவாக்குற பாத்திரங்களைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. இதே மேசையில மாட்டிக்கிட்ட சகபாவிகளுக்கு நான் சொல்றது புரியும்.

இடம், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெங்கசாமி அண்ணன் பேக்கரி மாடி. அவர் போன மாசம் கறாராச் சொல்லிட்டார்: "மூணு பேருக்கு எதுக்குப்பா ஒரு மாடி? தீபாவளிக்குள்ள எங்கிட்டாவது நாலாவது ஆளைப் பிடி. இல்லைன்னா டியூஷனுக்குக் குடுத்துருவேன்." பெங்களூர்லேர்ந்து திரும்பி வந்த எனக்கு இந்த ஊர்ல அமைஞ்ச சேக்காளிங்க அந்த மூணு பேர்தான். மேசை போனா அவங்களும் போயிருவாங்களேன்னு நெசமாவே பயம்.

நல்ல இடத்துப் பையன்

"உங்க வீரனுக்கு ஒரு குறை வைங்க, கதையை இழுத்துட்டுப் போறதே அதுதான்." எல்லாருக்கும் நான் சொல்ற முதல் பாடம் இது. அரிமளத்துலேர்ந்து வர்ற செல்வி டீச்சர் நல்லாத் தலையாட்டிட்டு எழுதினாங்க: நல்ல உயரம், வாள்வீச்சில் கெட்டிக்காரன், கெட்ட பழக்கம் கிடையாது, சொந்த வீடு, தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு.

நாம வரன் பாக்கலைங்க டீச்சர், பூதத்தோட சண்டைக்கு அனுப்பப் போறோம்னேன். குறை எங்கேன்னும் கேட்டேன். எழுதினதை இன்னொரு தடவை படிச்சுப் பாத்தாங்க. "கொஞ்சம் கோவம் வரும் தம்பி. ஆனா நியாயமான கோவம்தான்."

பிறந்த நேரம்

பாத்திரத்தோட பலம், அறிவு எல்லாம் பகடை உருட்டித்தான் முடிவாகும். உரக்கடை முருகேசன் அண்ணன் முதல் நாள் பகடையைக் கையில வாங்கினார், கடிகாரத்தைப் பாத்தார், திருப்பி மேசையில வச்சுட்டார். ராகு காலமாம். பிறக்கப் போற மந்திரவாதிக்கு நேரங்காலம் வேண்டாமா? ஆளுக்கொரு பப்ஸைத் தின்னுக்கிட்டு ஆறு மணி வரைக்கும் காத்துக் கிடந்தோம்.

ஆறு தாண்டினதும் கிழக்கே பாத்து உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டு மூணு பகடையை உருட்டினார். மூணுலயும் ஒண்ணு. மந்திரவாதிக்கு இருக்க வேண்டிய அறிவு, விதிப்படி இதுக்குக் கீழே இறங்கவே முடியாத இடத்துல நின்னுச்சு. அண்ணன் பெருமூச்சு விட்டார். "இதுக்கு ராகு காலத்துலயே போட்டிருக்கலாம் தம்பி. பழியை அது தலையில போட்டிருக்கலாம்."

மாமா சம்மதம்

புதுசா வர்றவங்க பாத்திரம் எல்லாம் பெரும்பாலும் அனாதை. ஊரே எரிஞ்சு போயிருக்கும். அதனால சொந்தபந்தம் வைங்கன்னு சொல்லுவேன். மணமேல்குடி ஜெரோம், காலேஜ் லேப்ல வேலை பாக்குறவர், சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டார். அவரோட வில்லாளிக்கு அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர் எல்லாம் உண்டு.

குகைக்குள்ள புதையல் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. டீச்சர் வாளை உருவியாச்சு. வில்லாளி மட்டும் ஊருக்குப் போயிட்டு வாரேன்னு திரும்புறார். என்னய்யா விஷயம்னு கேட்டா, "மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உள்ள போனா, நாளைக்கு அக்கா வீட்டுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது ப்ரோ?"

குகை வாசல்

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. நாலாவது ஆள் சிக்கவே இல்லை. ரெங்கசாமி அண்ணன் மேல வந்து, டியூஷன் வாத்தியார் நாளைக்கு இடம் பாக்க வர்றார்னார். கடைசி ஆட்டம்ணே, நீங்களும் உக்காருங்கன்னு கெஞ்சினேன்.

வேண்டா வெறுப்பாத்தான் உக்காந்தார். கத்தியும் வேணாம், மந்திரமும் வேணாம், குகை வாசல்ல ஒரு டீக்கடை போட்டுக்குறேன்னார். குறை ஏதாவதுன்னு இழுத்தேன். "இருட்டுன்னா பயம், உள்ள வர மாட்டேன்"னு பட்டுனு சொன்னார். கேட்ட உடனே குறை சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

டீச்சரோட வீரன் பூதத்துக்கிட்ட நியாயம் கேக்கப் போய் அடி வாங்கினான். மந்திரவாதிக்கு மந்திரம் மறந்துபோச்சு. வில்லாளி, மாமா தேடுவாருன்னு பாதியிலேயே கிளம்பிட்டார். மூணு பேரும் ஓடி வந்து விழுந்தது ரெங்கசாமி அண்ணன் டீக்கடையில. பின்னாடியே பூதம். அண்ணன் அசையலை. வாங்க, உக்காருங்க, சீனி போடலாமான்னு பூதத்தையே கேட்டார். பகடையை உருட்டச் சொன்னேன். விழுந்தது பெரிய எண், பூதம் உக்காந்துருச்சு.

ஆட்டம் முடிஞ்சது. நாற்காலியை மடக்க ஆரம்பிச்சோம். படியிறங்கப் போன அண்ணன் திரும்பினார். "அதை ஏம்ப்பா மடக்குறீங்க? வாத்தியாரை வேற மாடி பாக்கச் சொல்லிடுறேன். கடையில பூதம் உக்காந்திருக்கு, போட்டது போட்டபடி விட்டுட்டா போக முடியும்?"

ஆக, புதுசா ஆட்டம் நடத்த வர்றவங்களுக்கு என் மொத்த அனுபவமும் இதுதான்: மாவீரனுக்குக் குறை வைக்கிறீங்களோ இல்லையோ, மாடிக்காரருக்கு முதல்ல கதைக்குள்ள ஒரு கடை வச்சுக் குடுத்துடுங்க.