போகிப் புகையில் நீண்ட கை

அன்று பேருந்தின் வலப்பக்கத்திலிருந்து நீண்டு என்னை நிறுத்திய அந்தக் கை யாருடையது? மாதங்கள் ஓடிவிட்டன, என்னிடம் இன்னும் பதில் இல்லை. தெரியாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியவில்லை. தினமும் காலையில் என் ஐந்து வயது மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு நான் போவது அதே சாலையில்தான்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். பள்ளி ராயபுரத்தில், கல்மண்டபம் தாண்டி. கணவருக்கு வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவர் வீடு திரும்பும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒருநாளும் ஒத்துவராது. ஆகவே குழந்தையைக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் இடது ஓரம் முழுக்க வரிசையாக நிற்கும். அவற்றுக்கும் நடுத்தடுப்புக்கும் இடையில் மிச்சமிருக்கும் இடத்தைத்தான் பேருந்தும் ஆட்டோவும் தண்ணீர் லாரியும் மீன் வண்டியும் நாங்களும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

நான் தினமும் ஒரே பேருந்தின் பின்னால் போவேன். நான் கிளம்பும் நேரமும் அது கிளம்பும் நேரமும் அப்படி அமைந்துவிட்டது. ஓட்டுநரின் முகத்தை நான் பார்த்ததில்லை. பேருந்தின் பின்புறம் மட்டும் மனப்பாடம்: இடது மூலையில் ஒட்டுப்போட்ட தகரம், பாதி கிழிந்த நகைக்கடை விளம்பரம், அந்த விளம்பரப் பெண்ணின் ஒற்றைக் கண்.

பேருந்துக்குப் பின்னால் போகிறவர்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அது ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட எங்களுக்கு இருந்த ஒரே உதவி ஓட்டுநரின் வலது கைதான். ஜன்னலுக்கு வெளியே நீண்டு முன்னும் பின்னும் அசைந்தால், வழி இருக்கிறது, போ. உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி அப்படியே நின்றால், குறுக்கே ஏதோ வருகிறது, நில். லைசென்ஸ் எடுத்தபோது கை சைகைகளையெல்லாம் படம் பார்த்துப் படித்து ஒப்பித்தவள் நான். இந்தச் சாலையில் கற்றுக்கொண்டது இவை இரண்டைத்தான். அந்தப் போகிக்குக் கொஞ்ச காலம் முன்பிருந்தே அந்தக் கை அபூர்வமாகத்தான் வெளியே வந்தது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

அன்று போகி. பள்ளியில் பொங்கல் விழா என்று வரச் சொல்லியிருந்தார்கள். மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, சக்கரத்தில் சிக்காதிருக்க இடுப்பில் இரண்டு ஊக்கு குத்தித் தூக்கிவிட்டேன். தெருவுக்கு வந்தால் தெருவே இல்லை. விடியற்காலையில் எரித்த பாயும் துணியும் டயரும் புகையாகி, பனியோடு சேர்ந்து வெள்ளையாக நின்றன. திரும்பிப் போய்விடலாமா என்று வாசலில் இரண்டு முறை யோசித்தேன். அவள் மேடையில் ஒரு வரி சொல்ல வேண்டும், பத்து நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பினேன்.

கடலோரச் சாலையில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. லாரிகளும் தெரியவில்லை. பக்கத்தில் போகும்போது மட்டும் ஒரு சக்கரம், ஒரு இரும்புக் கொக்கி, பிறகு மறுபடி வெள்ளை. எங்கிருந்தோ பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்களோடு கூடவே வந்தது. நான் நகர்ந்தாலும் அது பின்தங்கவில்லை. அப்போதுதான் முன்னால் அந்த ஒற்றைக் கண் தெரிந்தது. என் பேருந்து. சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் நிம்மதியாக அதன் பின்னால் சேர்ந்துகொண்டேன்.

ஒரு நிறுத்தத்தில் அது நின்றது. நடுத்தடுப்பில் திரும்புவதற்கு இடைவெளி விட்ட இடம் அது. நேரமாகிவிட்டது. வலப்பக்கமாக வெளியே வந்து முந்தலாம் என்று பிடியை முறுக்கினேன். அப்போது ஓட்டுநரின் பக்கத்திலிருந்து கை நீண்டது. முழங்கை வரை மடித்த காக்கிச் சட்டை. விரல்கள் விரிந்து, உள்ளங்கை என்னைப் பார்த்து.

நின்றேன். அதே கணம் பேருந்தின் முகத்துக்கு முன்னால், எதிர்ச்சாலையிலிருந்து இடது பக்கக் கிடங்குக்குத் திரும்பிய ஒரு கண்டெய்னர் லாரி குறுக்கே வந்தது. விளக்கு இல்லை, ஹார்ன் இல்லை. புகைக்குள்ளிருந்து நீல இரும்புப் பெட்டி வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. அது முழுவதும் கடக்கும்வரை அந்தக் கை அப்படியே நின்றது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்ததாக எனக்கு நினைவு. இதை நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்றும் தெரியவில்லை.

"அம்மா, அந்த அங்கிள் கை ஏன் ஆடவே இல்ல?" என்றாள் மகள்.

இந்த வாக்கியத்தை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவளாகக் கேட்டாளா, அல்லது "பாத்தியா, அங்கிள் கை காட்டினாரு" என்று நான் முதலில் சொன்னேனா? கணவர் இரண்டாவதுதான் என்கிறார். "பயத்துல உனக்குத் தோணியிருக்கும். நீ சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஏத்திவிட்டுட்ட." இருக்கலாம். ஆனால் நான் நின்றேனே? எதைப் பார்த்து நின்றேன்?

இந்தச் சந்தேகமெல்லாம் பிறகு வந்ததுதான். அன்று எனக்கு நன்றி மட்டுமே இருந்தது. பொங்கல் முடிந்து பேருந்துகள் வழக்கம்போல் ஓடத் தொடங்கியதும், சர்க்கரைப் பொங்கல் செய்து எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். ஒட்டுத்தகரத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். நிழலில் ஓட்டுநரும் நடத்துநரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணே, போகி அன்னிக்குக் காலையில இந்த வண்டிய நீங்கதானே ஓட்டினீங்க?"

"ஆமா. இன்னாமா, கம்ப்ளெய்ன்ட்டா? பொகையில எதுனா இட்ச்சிட்டேனா?"

"கையில டப்பா கீது நைனா," என்றார் நடத்துநர். "கம்ப்ளெய்ன்ட்டுக்கு எவனாவது பொங்கல் எட்த்துகினு வருவானா?"

நடந்ததைச் சொன்னேன். ஓட்டுநர் சிரித்தார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது மார்பு வரை வந்து நின்றுவிட்டது. முகம் சுளித்தது.

"பாத்துக்கோ. இதுக்கு மேல போவாது. ரெண்டு மாசமா சட்டை மாட்டவே வூட்ல ஒரு ஆளு வோணும். நான் எங்கேர்ந்து ஜன்னலுக்கு வெளியே நீட்றது? கண்ணு எரியுதேன்னு கண்ணாடியக்கூட சாத்திட்டுத்தான் ஓட்டிகினு வந்தேன்."

"அப்ப அந்த லாரி?"

"எந்த லாரி? ஸ்டாப்பிங் வந்துச்சு, நின்னேன். குறுக்க வந்தப்பறம்தான் அது லாரின்னே எனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் பின் சீட்டுல யாராவது உக்காந்திருந்தாங்களா?"

நடத்துநர் தலையாட்டினார். "மொத்தமே ஆறு டிக்கெட்டும்மா. அல்லாரும் பின்னாடி என்னாண்ட குந்திகினு இருந்தாங்க. முன்னாடி ஒரு ஈ காக்கா இல்ல. ஒருவேளை நைனா, உனக்கே தெரியாம உன் கை தனியா ஓவர்டைம் பாக்குதோ என்னவோ."

ஓட்டுநர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, உன் கொயந்த நல்லாருக்கா? அது போதும். ஆனா நான் கை காட்னேன்னு மட்டும் எங்கியும் சொல்லாத."

"ஏண்ணே?"

"முன்னெல்லாம் காட்டிகினுதான் இருந்தேன். பின்னாடி வர்றவன் என்னைய நம்பி வர்றான்னு ஒரு இது. ஒருநா போன்னு காட்னேன், ஒருத்தன் போனான். அந்தாண்ட ஆட்டோ ஒண்ணு திடீர்னு திரும்பிச்சு. கால் போச்சு அவனுக்கு. டிரைவரு காட்னாரு, அதான் போனேன்னு சொன்னான். பொய் சொல்லலியே அவன். அன்னிலேர்ந்து நான் யாருக்கும் போன்னும் சொல்றதில்ல, நில்லுன்னும் சொல்றதில்ல. கண்ணு உன்னிது, வண்டி உன்னிது. எல்லா டிரைவருக்கும் இதே பேஜாருதான், கேட்டுப் பாரு."

நான் டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"செய்யாத வேலைக்குத் துன்னக் கூடாதும்மா."

"நான் துன்றேன் நைனா, எனக்கு அந்த மானம் ரோசம்லாம் இல்ல," என்று நடத்துநர் கையை நீட்டினார்.

"மூட்றா," என்றார் ஓட்டுநர். விளையாட்டாகச் சொன்னது போலத் தெரியவில்லை.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது யாருக்குச் சேர வேண்டியது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் திறந்து சாப்பிட்டுவிட்டாள். தடுத்திருக்க வேண்டுமோ?

அதன் பிறகுதான் அவள் கையைத் தேட ஆரம்பித்தாள். எந்தப் பேருந்தின் பின்னால் போனாலும் ஸ்கூட்டர் கண்ணாடியின் தண்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். "கை வரல, அம்மா. போகாத." நானும் போவதில்லை. குழந்தை சொல்கிறாள் என்றா, எனக்கே தைரியம் இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் பேருந்தோடு நின்று, பேருந்தோடு கிளம்பினேன். இந்த மாதம் மட்டும் நான்கு முறை தாமதம் என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். பின்னால் ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்த ஒருவர் ஒருநாள் பக்கத்தில் வந்து, "இன்னா யக்கா, பஸ்ஸுக்கு வாக்கப்பட்டுட்டியா? அது பின்னாடியே போய்கினு கீற?" என்றார். சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். புகை இல்லை, பனி இல்லை. அதே இடம், ஆனால் வேறொரு பேருந்து. அது நின்றது.

"அம்மா, கை," என்றாள். "போன்னு சொல்லுது."

தன் வலது கையை வெளியே நீட்டி, மணிக்கட்டை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினாள். இந்தச் சைகையை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அவள் கண்ணில் படும்படி எந்த ஓட்டுநரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. நான் பேருந்தைப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி சாத்தியிருந்தது. அங்கே எந்தக் கையும் இல்லை. ஆனாலும் என் மணிக்கட்டு பிடியைக் கொஞ்சம் முறுக்கிவிட்டது, வண்டி ஓரடி முன்னால் போனது. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரேக்கை அழுத்தி, லாரி வரிசையின் ஓரமாக ஒதுங்கி நின்றேன். பின்னால் வந்த நான்கைந்து பைக்குகள் பேருந்தைத் தாண்டிப் போயின. ஒன்றும் நடக்கவில்லை. குறுக்கே எதுவும் வரவில்லை. வழி நிஜமாகவே இருந்தது.

"கூப்பிட்டுச்சு, நீ வரலியே," என்றாள் அவள், பள்ளி வாசலில் இறங்கும்போது. கோபமாக இல்லை, தகவல் சொல்வதுபோல.

வேனில் அனுப்பலாம் என்கிறார் கணவர். அந்த வேனைப் பார்த்திருக்கிறேன். மடியில் மடியாகப் பிள்ளைகள், ஓட்டுகிறவர் காதில் போன். பேருந்திலேயே கூட்டிப்போகலாம் என்று ஒருநாள் ஏற்றிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உள்ள இருந்தா கை தெரியாதே" என்றாள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். கை என்று ஒன்று இல்லை, அது உன் கற்பனை என்று அவளிடம் சொல்லிவிட்டால், இன்னொரு நாள் அது 'நில்' என்று காட்டும்போது அவள் என்னிடம் சொல்லாமல் இருந்துவிடுவாள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், 'போ' என்று காட்டும்போது ஏன் போகவில்லை என்று கேட்பாள். சிறு பிள்ளைகளை வண்டியில் கூட்டிப்போகிறவர்கள், பேருந்து ஓட்டுகிறவர்கள், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? நாளைக் காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் மறுபடி கிளம்ப வேண்டும்.