தரைத்தளத்துக்குப் போகாத லிஃப்ட்

யாரோ ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டதுமே லிஃப்ட்காரரின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்விடும். மூடப்போன கதவு திறந்தபடி நிற்கும். வந்தவர் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், "வாங்க வாங்க, இடம் தாராளமா இருக்கு" என்று உடம்பை ஒடுக்கி ஓரத்துக்கு நகர்வார். உள்ளே வேறு யாருமே இல்லாவிட்டாலும் நகர்வார்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் அவரோடு தோள் உரசி நிற்காதவர் கிடையாது. முகத்தைப் பார்த்தவர்தான் குறைவு. எல்லோர் கண்ணும் கதவுக்கு மேலே மாறும் எண்ணில்தான். என் கண்ணும் அங்கேதான். மனைவி இறந்த பிறகு மனிதர் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மேலும் கீழுமாய்ச் சும்மா போய்வருவதை மேல்மாடி மனநல டாக்டரம்மாதான் கவனித்தார்.

"வீட்டுல போய் என்ன சார் பண்றது? அங்க கதவ நானே தொறந்து நானே சாத்தணும்" என்றார் லிஃப்ட்காரர், நான் விசாரித்தபோது.

டாக்டரம்மா ஹிப்னாடிசம் என்கிற அறிதுயில் சிகிச்சைக்குக் கூப்பிட்டார். அதற்குத் துணைக்கு நான். தனிமைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளத் தனியாகப் போகப் பயமாம்!

சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, திரையை இழுத்துவிட்டு, "கண்ண மூடிக்கிட்டு ஒவ்வொரு படியா இறங்குங்க" என்றார் டாக்டரம்மா.

"படி எதுக்கும்மா? முட்டி வலி. லிஃப்ட்லயே போயிடறேனே."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் மாடிகளை எண்ணத் தொடங்கினார். அந்தக் குரலில் அறையே மெல்லக் கீழிறங்குவதுபோல் எனக்கும் கண் சொக்கியது. ஒரு மாடியில் கதவு திறந்தால் மழை வாசனை, இன்னொன்றில் யாரோ துணி உதறும் சத்தம். எல்லாம் லிஃப்ட்காரர் முணுமுணுத்ததுதான். தரைத்தளத்தில் மனைவியைப் பார்த்து, சொல்லாமல் விட்ட நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டால் மனம் லேசாகும் என்பது டாக்டரம்மா கணக்கு. ஆனால் முதல் மாடி வந்ததுமே இவர் கண்ணைத் திறந்துவிடுவார். வாராவாரம் இதே கதை.

"கதவு தொறந்து, அங்க அவ இல்லன்னா?" என்று வெளியே வந்து என்னைக் கேட்டார். "இப்ப, கீழ நிக்கறாங்கிற நெனப்பாவது இருக்கு. அதுவும் போச்சுன்னா நான் என்ன சார் பண்ணுவேன்?"

 அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் முதல் மாடியில் அவர் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா குரலை இன்னும் தாழ்த்தினார். "கீழ வந்தாச்சு. கதவு தொறக்குது. யாராவது நிக்கறாங்களா?"

"யாரும் இல்லம்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எழுப்பிவிடுங்கள் என்று நான் ஜாடை காட்டினேன்.

"கொஞ்சம் இருங்க" என்றார் லிஃப்ட்காரர், கண்ணை மூடியபடியே. "அவ என்னைக்கு நேரத்துக்குக் கெளம்பியிருக்கா?"

வலது கட்டைவிரல் நாற்காலியின் கைப்பிடியை அழுத்தியது. நகம் வெளுத்துப்போகும்வரை எடுக்கவில்லை. திரை ஒருமுறை அசைந்து அடங்கியது. பிறகு, தலையைக்கூடத் திருப்பாமல், உடம்பை ஒடுக்கி நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்தார்.