கூப்பிட்டால்தான் வருமாம்

உலகத்துப் பேய்களில் எனக்கு மரியாதையே இல்லாத ஒன்று உண்டென்றால், அது வெள்ளைக்காரர்களின் ரத்தம் குடிக்கும் பேய்தான். நீளக் கோட்டு, படியச் சீவிய தலை, படுக்கச் சவப்பெட்டி. இத்தனை வசதி இருந்தும், வீட்டுக்காரர் வாயைத் திறந்து கூப்பிட்டால்தான் வாசற்படி தாண்டுமாம். வாசலில் ஒரு பிடி தானியத்தை இறைத்துவிட்டால், அத்தனையையும் எண்ணி முடிக்காமல் நகராதாம். எங்கள் கொல்லிமலையில் ஆடுகூடக் கேட்டுக்கொண்டா உள்ளே வருகிறது? மழைக்காலத்து அட்டைக்கு இருக்கிற துணிச்சலில் கால்வாசி இல்லை, இதற்குப் பேய் என்று பெயர் வேறு.

சீனத்துப் பிணம் கைகால் விறைத்துக் குதித்துக் குதித்து வருமாம். எங்கள் மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவதிலேயே முட்டி கழன்று உட்கார்ந்துவிடும். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி இடுப்புக்குக் கீழே உள்ளதை ஓரமாக நிறுத்திவிட்டு மேல்பாதியோடு பறப்பாளாம். எங்கள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அவளுக்கு அரை டிக்கெட் கிழிப்பாரா என்பதைத் தவிர, அவளைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை.

இவ்வளவு இளக்காரம் பேசுகிற நான் இந்தப் பேய்களை வைத்துத்தான் பெயரெடுத்தேன். வாசலூர்பட்டி படகுத்துறையிலிருந்து சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறேன். கீழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏரி போதாது, அருவி போதாது, கொஞ்சம் பயமும் வேண்டும். சிரித்தே ஆளைக் கொல்லும் எங்கள் மலைப் பாவையைப் பற்றிச் செல்போனிலேயே படித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அவளை வைத்து நான் விளையாடவும் மாட்டேன். தினமும் அந்த வளைவுகளில் ஸ்டியரிங் பிடிக்கிறவன். அதனால் செல்போனைத் தோண்டி வெளிநாட்டுச் சரக்கை இறக்கினேன். வண்டிக்குள் கூச்சல் போடுவார்கள், இறங்கியதும் பஜ்ஜி தின்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் பயம்.

சவாரி இல்லாத நாட்களில் தங்கச்சி வீட்டுக்குப் போவேன். எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மாமியாரை நான் அத்தை என்பேன். காம்பிலிருந்து மிளகு உதிர்த்தபடி அத்தை கதை கேட்பார். கூச்சல் கிடையாது. நிதானமாகக் கேள்விதான் வரும். அந்த ரத்தம் குடிக்கும் பேய் எண்ணுவதற்கு எந்தத் தானியம் இறைக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டார். எதிரே முறத்தில் சாமை இருந்தது. சாமைதான் என்றேன். நான் சொன்னது கதை. அத்தை வாங்கி வைத்துக்கொண்டது கைவைத்தியம். அந்த வித்தியாசம் தெரியாத அறிவாளி நான்.

அடுத்து நான் போனபோது தங்கச்சிக்கு ஏழாம் மாதம். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு போய் நின்றால், வாசலில் வெயிலில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா நிற்கிறார். கையில் பை, மேலே வெள்ளைக் கோட்டு. அவர் காலுக்கு முன்னால் வாசற்படி நெடுக ஒரு கோடாகச் சாமை. கதவு திறந்துதான் இருக்கிறது, உள்ளே அத்தை உட்கார்ந்திருப்பதும் தெரிகிறது.

ஏனுங்க இங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது தடவையாக வருகிறாராம். போன மாதம் பார்த்ததில் தங்கச்சிக்கு ரத்தம் குறைவாக இருந்ததாம். இப்போது மறுபடி பார்த்து, இன்னும் இறங்கியிருந்தால் உடனே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமாம். பிரசவத்தில் ஏதாவது ஆனால் எழுபது வளைவு தாண்டுகிற வரைக்கும் உயிர் தாங்காது என்றார்.

"உள்ள போயிச் சொல்லலாமுங்களே" என்றேன்.

"வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாத ஊட்டுக்குள்ள எப்படித் தம்பி காலெடுத்து வெக்கறது?"

அதுவும் நியாயம். எங்கள் பக்கம் பகையாளி வந்தாலும் முதலில் வாங்க, அப்புறம்தான் சண்டை. வாங்க சொல்லாமல் இருப்பது செருப்பால் அடிப்பதற்குச் சமம். அப்படி அடி வாங்கியும் அந்த அம்மா மூன்று தடவை வந்திருக்கிறார்.

நான் சாமையைத் தாண்டி உள்ளே போனேன். அத்தை குரலைத் தாழ்த்தி என்னைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார். அந்தப் பொம்பளை குழாய் நிறைய ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள், அதிலிருந்து பிள்ளை வெளுத்துக்கொண்டே வருகிறாள், நீ சொன்ன வெள்ளைக் கோட்டு இதுதானே என்றார். நான் சொன்னது கறுப்புக் கோட்டு. அதைச் சொல்லித் திருத்தவா முடியும்? சுவரோரம் உட்கார்ந்திருந்த தங்கச்சியைப் பார்த்தேன். உதடு சாம்பல் பூத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்று, மூச்சு வாங்கி மறுபடி உட்கார்ந்தாள்.

அத்தனையும் பொய், சும்மா அளந்தேன் என்று சத்தியம் செய்தேன்.

"பொய்யின்னா அவ ஏன் கண்ணு இன்னும் படி தாண்டாம நிக்கறா?" என்றார் அத்தை.

நாலு தேசத்துப் பேயைக் கரைத்துக் குடித்தவனை அத்தை ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார்.

கூப்பிட எனக்கு உரிமை இல்லை, அது என் வீடில்லை. வாசலுக்குப் போய், எனக்கு முதலில் எடுங்க, அத்தை பார்க்கட்டும் என்று கையை நீட்டினேன். பெரிய தியாகிபோல ஒரு பார்வையும் பார்த்துக்கொண்டேன். நர்ஸம்மா விரல் நுனியில்தான் குத்தினார். ஒரு சொட்டு, மிளகளவு. அதைப் பார்த்தது வரை நினைவிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது சாமை மேல் மல்லாந்து கிடந்தேன். இரண்டு கோழிகள் என் காதோரம் கொத்திக்கொண்டிருந்தன. நர்ஸம்மா என் காலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அத்தை செம்போடு நின்று, ரத்தம் குடிக்க வந்தவள் விழுந்தவனைத் தாங்குகிறாளே என்று குழம்பிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், மாமியார் இருக்கும்போது வாசலில் குரல் காட்டாத என் தங்கச்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. எங்கண்ணன் அங்கயே கெடக்கட்டும்."

அத்தை ஒரு நொடி மருமகளைப் பார்த்தார். அப்புறம் செம்பை நர்ஸம்மாவிடம் நீட்டி, "வாங்க, தண்ணி குடிங்க" என்றார். அந்த அம்மா அத்தனையும் குடித்துவிட்டுத்தான் படியேறினார். எனக்கென்று கொண்டு வந்த தண்ணீர் அது.

ரத்தம் இன்னும் இறங்கித்தான் இருந்தது. அன்றைக்கே என் வேனில் கூட்டிப்போனோம். எழுபது வளைவிலும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துத் தேற்றி அனுப்பினார்கள். பிள்ளையும் கீழேதான், நல்லபடியாகப் பிறந்தது.

இப்போது நர்ஸம்மா தெருமுனையில் தெரியும்போதே அத்தை வாங்க வாங்க என்று கத்துகிறார். போன வாரம் நானும் போனேன். அத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு மிளகு உதிர்க்கக் குனிந்துகொண்டார். கதவு திறந்துதான் இருந்தது. கோட்டு ஒன்றுதான் குறை, மற்றபடி நானும் படி தாண்டாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.